அந்தப் படத்தைப் பற்றி அவளிடமே கேளுங்கள்

"பிள்ளை இயற்பியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாம் கணினிப் பொறியியலில் சேர்க்கச் சொல்கிறார்கள்" என்று போன வாரம் கண் கலங்கினீர்கள் அம்மா. ஆறுதல் சொல்லித்தான் ஆரம்பித்தேன். கடன் வாங்கியாவது கணினிப் பொறியியலிலேயே சேர்த்துவிடுவோம் என்று அவள் அப்பா சொன்னதும் அந்த எண்ணம் போய்விட்டது. வேண்டாம். உட்கார்ந்து படிக்கப்போவது பெரியப்பாவோ மாமாவோ அல்ல, அவள்.

பைக்குள் மடித்து வைத்திருந்த தாளை அவள் என்னிடம் காட்டினாள். முக்கோண முக்கோணமாகப் புள்ளிகள். கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் மீக்கடத்தி. அதற்குள் நுழைந்த காந்தப்புலம் மெல்லிய இழைகளாகப் பிரிந்து நிற்கும் படம் அது. அந்த இழை ஒவ்வொன்றையும் சுழி என்பார்கள். சுழிகள் ஒழுங்காக வரிசைகட்டி நிற்கும் என்று 1957-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் இயற்பியலாளர் அப்ரிகோசோவ். 1967-ல் எஸ்மான், டிராய்பிள் என்ற ஆய்வாளர்கள் நுண்ணிய காந்தத் துகள்களைத் தூவி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமாகவே காட்டினார்கள். அப்ரிகோசோவுக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அவள் வியந்தது வரிசையைப் பார்த்து அல்ல. "இந்த ஓரத்தில் மட்டும் ஏன் குலைந்திருக்கிறது?" என்று கேட்டாள். இந்தத் துறையின் உயிரே அந்தக் கேள்விதான்.

ஒவ்வொரு சுழியும் சுமப்பது ஒரே அளவு காந்தப்பாயம், அதாவது அதன் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு. 1 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) புலத்தில் பக்கத்துப் பக்கத்துச் சுழிகளுக்கு நடுவே ஏறத்தாழ 50 நானோமீட்டர்தான் இடைவெளி. மின்னோட்டம் பாய்ந்தால் அவை தள்ளப்படும். நகர்ந்தால் வெப்பம், மின்தடை. மீக்கடத்தி என்று சொல்லிப் பயனில்லாமல் போகும். அதனால் எம்ஆர்ஐ காந்தத்துக்கான நையோபியம்-டைட்டேனியம் கம்பிக்குள் வேண்டுமென்றே நுண்ணிய குறைகளை உண்டாக்குகிறார்கள். முளையடித்து மாட்டைக் கட்டுவதுபோல அவை சுழிகளைப் பிடித்து வைக்கும். ஒழுங்கு கொஞ்சம் கெட்டால்தான் கம்பி வேலை செய்யும்! அவ்வளவு கடுங்குளிர் தேவைப்படாத உயர்வெப்பநிலை மீக்கடத்திகளில் பனிக்கட்டி உருகுவதுபோல இந்த வரிசையே உருகிவிடுவதும் உண்டு. சில பொருட்களில், மீக்கடத்தும் தன்மை அழியப்போகும் தறுவாயில் தாங்கும் மின்னோட்டம் திடீரென்று கூடுகிறது. வரிசை இளகி, சுழிகள் முளைகளில் நன்றாகச் சிக்கிக்கொள்வதை அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள்.

இதைப் படிப்பவள் திரவ ஹீலியத்தை, அதாவது மைனஸ் 269 டிகிரி குளிரை, கையாளப் பழகுவாள். வெற்றிடக் குழாயில் கசிவு தேடுவாள். நிரல் எழுதாமலும் முடியாது. எம்ஆர்ஐ காந்தம், துகள் முடுக்கி, குவாண்டம் கணினி எல்லாவற்றுக்கும் இந்தக் கைப்பழக்கம் வேண்டும். மற்ற படிப்புகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் எதற்கு?

பாதை நீளம், மறைக்க மாட்டேன். இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் என்று பத்து வருடம்கூட ஆகலாம். முதுகலை முடிந்ததும் நின்று யோசிக்கட்டும். முனைவர் ஆய்வுக்கு உதவித்தொகை தரும் இடத்தில் மட்டும் சேரட்டும். கைக்காசு போட்டுச் செய்யச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

விண்ணப்பம் போடுமுன் ஒரு குளிர்நிலை ஆய்வகத்தை அவள் ஒரு நாள் முழுக்கப் பார்த்து வரட்டும். அப்பாவும் கூடப் போகட்டும்.