38 வயதில் மறுபடியும் ரிங் ஏறலாமா?

கேள்வி: "எனக்கு 38 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். பகலில் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. 16 வயதிலிருந்து குத்துச்சண்டை. தொழில்முறையில் 19 போட்டிகள் ஆடியிருக்கிறேன். வலது கை இரண்டு முறை உடைந்து அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. இடது தோள்பட்டை மூன்று முறை நழுவியிருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் நடந்த கடைசிப் போட்டியை நான்காவது சுற்றில் நடுவர் நிறுத்திவிட்டார். இப்போது பாங்காக்கில் ஒரு போட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். இன்னும் பத்து வாரம் இருக்கிறது, நாலாயிரம் வெள்ளி தருகிறார்களாம். கை ஆறிவிட்டது. ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்தால் ஓரிரு நாள் வெளிச்சம் கண்ணைக் கூசும், மகள் சொல்வதை இரண்டாவது முறை கேட்க வேண்டியிருக்கும், மற்றபடி உடம்பு பழைய மாதிரிதான். ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் ஜெயித்தாரே! மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். கை தாங்குமா? ஒரு முறை முயன்று பார்க்கலாமா, நிறுத்திவிடலாமா?"

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டியை ஒப்புக்கொள்ளாதீர்கள். போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றுவிடுங்கள்.

நான் இயன்மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டைக்காரர்களின் கைகளையும் தோள்களையும் பார்த்து வருகிறேன். உங்கள் பிரச்சினை கை மட்டும் என்றால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். எலும்பு கூடியிருக்கிறதா என்று சிடி ஸ்கேனில் பார்க்கலாம். நழுவும் தோளுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. அதற்குப் பிறகு மோதலுள்ள விளையாட்டுக்குத் திரும்ப அரை வருடமாவது பிடிக்கும் என்று சொல்லி, பத்து வாரக் கணக்கை அங்கேயே முடித்திருப்பேன். என்னைக் கவலைப்பட வைத்தது "மற்றபடி" என்று நீங்கள் எழுதியதற்கு முன்னால் இருக்கும் வரி. வெளிச்சம் கூசுவதும், பேச்சை இரண்டாவது முறை கேட்க வேண்டியிருப்பதும் மூளையில் அடி விழுந்ததற்கான அறிகுறிகள். அதுவும் போட்டியில் வாங்கிய அடிக்கு அல்ல, கனமான உறை மாட்டி, தலைக்காப்பும் போட்டுச் செய்யும் ஸ்பாரிங் அடிக்கே வருகிறது என்கிறீர்கள்.

கைக்காயமும் தலைக்காயமும் வேறு வேறு என்று நினைக்காதீர்கள். உங்கள் வலது கை இரண்டு முறை உடைந்த கை. ஆறிவிட்டாலும் மனது அதை நம்பாது, முழுப் பலத்தோடு வீச யோசிக்கும். எதிராளி இரண்டு சுற்றுக்குள் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கைக்குப் பயப்படத் தேவையில்லை என்று தெரிந்ததும் கிட்ட வருவார். இடது தோள் நழுவிவிடுமோ என்ற பயத்தில் உங்கள் ஜாப் (முன்கையால் போடும் நேர்க்குத்து) குறையும், களைக்கக் களைக்க இடது கை கன்னத்திலிருந்து இறங்கும். கடைசியில் எல்லா அடியும் தலைக்குத்தான் போகும். 38 வயதில் கண் பார்த்துத் தலை விலகும் வேகமும் குறைந்திருக்கும். வருகிற குத்தைப் பார்த்துவிட்டால் கழுத்து தானாக இறுகி ஓரளவு தாங்கிக்கொள்ளும். பார்க்காத குத்துக்குத் தலை சடாரென்று திரும்பும். அந்தத் திருப்பம்தான் மூளையின் நரம்பு இழைகளை இழுத்துச் சேதப்படுத்துகிறது. வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குவதால், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டே இருக்கும். இளைஞனுக்குத் தலைவலியோடு போகிற அடி, வயதானவருக்கு அந்தக் குழாயை அறுத்து ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம்.

போட்டிக்கு முன் எடை குறைக்க, காற்றுப் புகாத உடை மாட்டிக்கொண்டு வியர்வை சிந்தி ஓடுவீர்கள், கடைசி இரண்டு நாள் தண்ணீரும் குறைப்பீர்கள். உடம்பில் நீர் வற்றினால் இருக்கிற வேகமும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் இன்னும் இறங்கும்.

ஃபோர்மன் கதைக்கு வருவோம். நல்ல கேள்விதான், எல்லோரும் கேட்பது. 1994இல் உலக ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் மூரரை வீழ்த்தியபோது அவருக்கு 45 வயது என்பது உண்மை. ஆனால் அவர் 1977இல் நிறுத்தி, 1987இல்தான் திரும்பி வந்தார். அந்தப் பத்து வருடம் அவர் ரிங்கில் அடி வாங்கவில்லை. திரும்பிய பிறகும் ஏழு வருடம் படிப்படியாக ஏறித்தான் பட்டத்தைத் தொட்டார். நீங்கள் இந்த இரண்டு வருடமும் ஸ்பாரிங் செய்துகொண்டே இருந்திருக்கிறீர்கள். உங்கள் தலைக்கு ஓய்வே இல்லை.

உங்களுக்குப் பொருந்துகிற கதை முகமது அலியுடையது. 1980 அக்டோபரில் அன்றைய உலகச் சாம்பியன் லேரி ஹோம்ஸோடு மோதியபோது அவருக்கும் 38 வயதுதான். மோதுவதற்கு முன் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். ஒற்றைக் காலில் குதிப்பதில் எதிர்பார்த்த சுறுசுறுப்பு இல்லை, விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் குறி கொஞ்சம் தவறுகிறது என்று அறிக்கையில் இருந்தது. ஆனாலும் போட்டிக்கு அனுமதி கிடைத்தது. பத்துச் சுற்று அடி வாங்கிய பிறகு அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டன்டீ நிறுத்தினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் பஹாமாஸில் இன்னொரு முறை ஏறி ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்றார். 1984இல் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். அவருடைய மருத்துவர் ஃபெர்டி பாச்சேகோ அதற்கெல்லாம் முன்பே, 1977இல், போதும் என்று சொல்லிப் பார்த்துக் கேட்காததால் விலகிப் போனார். அனுமதிச் சீட்டு கிடைப்பதும் ஆபத்து இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் தம்பி. பாங்காக்கில் யாரோ ஒரு மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

நான் என் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் பயிற்சி. 36 வயது வீரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து கைத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டியில் மூன்று சுற்று, அப்புறம் விரல் இடுக்குகள். தூக்கத்தில்கூடச் செய்வார், அத்தனை வருடப் பழக்கம். அன்று மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் துணியை விடாமல், நடு இடுக்கிலேயே இரண்டு முறை விட்டார். அவிழ்த்தார், மறுபடி சுற்றினார், மறுபடி அதே தவறு. "நேற்று சரியாத் தூங்கலண்ணே" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அன்று ஸ்பாரிங் செய்தார், அதற்குப் பிறகு இரண்டு போட்டியும் ஆடினார். இப்போது வீட்டுக்குப் போகிற பேருந்து எண்ணைச் சட்டைப்பையில் எழுதி வைத்துக்கொள்கிறார். அந்தப் பெஞ்சில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். அதனால்தான் உங்களிடம் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

குத்துச்சண்டை வீரர்களுக்கு வரும் இந்தத் தடுமாற்றத்தை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே எழுதிவிட்டார். தொடர்ந்து அடி வாங்குவதால் வரும் மூளைச் சிதைவை இன்றுகூட உயிரோடு இருப்பவருக்கு உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது, இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடிகிறது. ஆகவே "எம்ஆர்ஐ சுத்தமாக வந்தால் ஆடலாமா?" என்று அடுத்த கேள்வி கேட்டால், அதற்கும் என் பதில் இல்லைதான். பழைய ரத்தக்கசிவு இருக்கிறதா என்று எம்ஆர்ஐ காட்டும். ஆனால் சுத்தமான எம்ஆர்ஐ, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு ஆதாரமாகாது.

பரிசோதனை எதற்கு என்றால், உங்கள் மீதி வாழ்க்கைக்கு. பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய், ஸ்பாரிங்கிற்குப் பிறகு வரும் அறிகுறிகளை ஒன்றுவிடாமல் சொல்லி, நரம்பியல் நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். அந்த வழியில் போனால் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும், சில வாரம் காத்திருக்க வேண்டிவரலாம். நினைவாற்றல், கவனம் பற்றிய எழுத்துச் சோதனையும், நடைச் சமநிலைச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். கண் மருத்துவரிடம் பாவையை விரித்து விழித்திரையையும் பார்த்துவிடுங்கள். குத்து விழித்திரையைக் கிழிக்கும். உலகச் சாம்பியன் சுகர் ரே லெனர்ட் 1982இல் அந்தக் காரணத்துக்காகத்தான் நிறுத்த வேண்டி வந்தது. உங்கள் வேலையும் எனக்குக் கவலை தருகிறது. மின்தூக்கிக் குழிக்குள் நின்று செய்கிற வேலையில் சமநிலை ஒரு நொடி தவறக்கூடாது.

இன்றிலிருந்து ஸ்பாரிங் வேண்டாம், 'சும்மா லேசாக' என்றும் வேண்டாம். ஓடுங்கள், கயிறு தாண்டுங்கள், கை வலிக்காத அளவுக்குப் பை அடியுங்கள். இதற்குள் எப்போதாவது தலையில் அடிபட்டு, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, தூக்கக் கலக்கமாக இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடுங்கள்.

நாலாயிரம் வெள்ளி சின்னத் தொகை இல்லை, எனக்குப் புரிகிறது. ஆனால் தனிநபர் விபத்துக் காப்புறுதிகள் பலவற்றில் தொழில்முறைச் சண்டைக்குக் காப்பு கிடையாது. உங்கள் பத்திரத்தை எடுத்து விலக்குகள் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ஏற்பாட்டாளரிடம் நீண்ட விளக்கம் வேண்டாம், "மருத்துவக் காரணம், ஆடவில்லை" என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். இன்றே அனுப்பினால் அவரும் வேறு ஆள் தேட முடியும்.

விளையாட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. நம் சிங்கப்பூர்க் குத்துச்சண்டை வீரர் சையது அப்துல் காதிர் 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடினார், 1974இல் கிரைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அதற்குப் பிறகு பயிற்சியாளராகவே பல தலைமுறைப் பையன்களை வளர்த்தார். 22 வருட அனுபவம் உள்ள ஒருவர் பேட் பிடிக்க (மற்றவர்கள் குத்திப் பழகும் மெத்தையைப் பிடிக்க) வந்தால் எந்தப் பயிற்சிக்கூடமும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளும். கை எப்போது உடையும், எப்படிச் சுற்றினால் உடையாது என்று உங்களைவிட யார் சொல்லித்தர முடியும்?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நரம்பியல் நிபுணரைப் பார்க்கப் போகும் அன்று மனைவியையும் அழைத்துப் போங்கள். மறதி எப்போது ஆரம்பித்தது, கோபம் கூடியிருக்கிறதா, தூக்கம் எப்படி என்று மருத்துவர் கேட்பார். அதற்கெல்லாம் உங்களைவிட அவரால்தான் சரியாகப் பதில் சொல்ல முடியும்.