எவர்சில்வர் கத்தி: தோய்ச்சல் கொடுத்தும் துரு ஏன்?

கேள்வி: லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடித்துப் பழகியவன். இப்போது எவர்சில்வரில் முயன்றேன். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தேன். ஒரு தகடு வளைகிறது. இன்னொன்று ஓரளவு கூர் நிற்கிறது, ஆனால் எலுமிச்சைச் சாறு பட்டால் துரு. எங்கே தவறு?

பதில்: முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். வளைகிற தகட்டில் ஒட்டவில்லை என்றால், அநேகமாக அது பாத்திரம் செய்யும் 304 ரக எவர்சில்வர். கார்பன் 0.08 சதவீதத்தைத் தாண்டாது, நிக்கல் வேறு 8 சதவீதம். நூறு முறை தோய்த்தாலும் கடினமாகாது. ஒட்டினாலும் உடனே நம்பிவிடாதீர்கள். 430 ரகத்திலும் காந்தம் ஒட்டும், அதுவும் கத்திக்கு ஆகாது. 420 அல்லது 440சி என்று சான்றிதழோடு வாங்குங்கள்.

துருப்பிடித்த துண்டு ரகத்தில் சரியாக இருக்கலாம், சூடுதான் போதவில்லை. ஸ்பிரிங் பட்டைக்கு 850 டிகிரி செல்சியஸ் தாராளம். இதற்கு 1000 முதல் 1050 வரை வேண்டும். உலையில் செஞ்சிவப்பு போய் ஆரஞ்சு தெரிய வேண்டும். காரணம் குரோமியம். அது கார்பனைப் பிடித்துக்கொண்டு கார்பைடு மணிகளாக உட்கார்ந்திருக்கும். அவை சூட்டில் எஃகுக்குள் கரைந்தால்தான் கார்பன் கடினம் தரும், குரோமியம் துருவைத் தடுக்கும். உங்கள் துண்டில் பாதிகூடக் கரைந்திருக்காது. கூரும் அரைகுறை, காப்பும் அரைகுறை. கரைந்ததை அப்படியே சிறைவைப்பதுதான் வேகமான குளிர்ச்சியின் வேலை. மெதுவாக ஆறவிட்டால் மறுபடி கார்பைடாகப் பிரிந்துவிடும். எண்ணெய் போதும், மெல்லிய கத்திக்குக் காற்றே போதும். தண்ணீர் வேண்டாம், கீறல் விடும். அதற்காக 1100-ஐத் தாண்டவும் கூடாது, எஃகின் படிக மணி பருத்து கத்தி நொறுங்கும்.

1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கியதும் 12.8 சதவீதக் குரோமியம் கொண்ட இந்த வகை எஃகுதான். வெட்டாத கத்தி செய்தவர் என்று அவரும் கேலிக்கு ஆளானார்.

அப்புறம், பதம், அதாவது கத்தி நொறுங்காமல் இருக்க மிதமாக மறுபடி சூடாக்குவது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், 150 முதல் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். பட்டைக் கத்திபோல நிறம் பார்த்துப் பதம் பிடிக்காதீர்கள்: எவர்சில்வரில் மஞ்சளும் நீலமும் இன்னும் அதிகச் சூட்டில்தான் தெரியும். நீலத்துக்காகக் காத்திருந்து 500-ஐ எட்டினால் குரோமியம் மறுபடி கார்பைடாகி, துரு திரும்பிவிடும். வெப்பமானி இல்லையா? வெற்றிட உலை உள்ள ஹீட் ட்ரீட்மென்ட் கடையில் கொடுப்பதே லாபம்.

நீங்களே காய்ச்சினால், மேலே படியும் கறுப்புச் செதிலை மட்டும் தட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். அதன் அடியில் உள்ள மெல்லிய தோலிலும் குரோமியம் குறைந்திருக்கும். பளபளப்பு வரும்வரை அரைத்தெடுத்து மெருகேற்றுங்கள். பிறகு அதே எலுமிச்சையைத் தடவி ஓர் இரவு வைத்துப் பாருங்கள்.