கெய்ன்ஸ், டெயின்ட்ரீ பயணக் கேள்விகள்: எந்த நாளில் எதை வைப்பது?

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே கெய்ன்ஸில் தொடங்கி கேப் ட்ரிபுலேஷன் வரை போகும் கரையில் டெயின்ட்ரீ உள்ளிட்ட மழைக்காடு மலையிலிருந்து இறங்கி நேராகக் கடல் மணலில் வந்து நிற்கிறது. அங்கிருந்து படகேறினால் கிரேட் பாரியர் ரீஃப் என்ற பவளத்திட்டு. ரீஃபுக்கு 1981-லும் காட்டுக்கு 1988-லும் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. இரண்டும் ஒட்டியே இருப்பதால் வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் செய்துவிட ஆசை, அதில் தப்பே இல்லை. எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் "என்னென்ன செய்யலாம்" என்றுதான் இருக்கின்றன. அதைவிட முக்கியம் எதை எந்த நாளில் வைக்கிறீர்கள் என்பது. இந்த ஊரில் காற்றும் மழையும்தான் தேதி குறிக்கின்றன.

ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் சென்னையிலிருந்து வரலாம் என்று இருக்கிறோம். இல்லையென்றால் டிசம்பர். எது நல்லது?

இரண்டில் மேதான், அதிலும் கடைசி இரண்டு வாரம். டிசம்பர் முதல் மார்ச் வரை கனமழைக் காலம், புயலும் அப்போதுதான் வரும். 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயல் கரையேறி, அதன் பின் பெய்த மழையில் டெயின்ட்ரீ பக்கத்துச் சாலைகள் சரிந்து ஊர்கள் துண்டிக்கப்பட்டன. ஏப்ரலில் மழை குறையத் தொடங்கினாலும் முழுசாக விடாது. மே முடிவில் வானம் தெளிந்துவிடும், அருவிகளில் தண்ணீரும் மிச்சம் இருக்கும்.

ஆனால் ஒன்று. ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். கரையில் இதமாக இருக்கும் அதே நாளில் ரீஃபுக்குப் போகும் படகு தூக்கித் தூக்கிப் போடும். வானிலை மையத்தின் கடல் முன்னறிவிப்பில் கெய்ன்ஸ் கரைக்குக் காற்று 15 நாட் (knot, கடலில் வேகத்தின் அளவு) அளவுக்குக் கீழே இருந்தால் சுகமான பயணம், 20-ஐத் தாண்டினால் வயிறு பலவீனமானவர்களுக்குப் பாடுதான். உங்களுக்கு ரீஃப்தான் முதல் ஆசை, விடுமுறைத் தேதியும் கையில் இருக்கிறது என்றால் அக்டோபர், நவம்பரைப் பாருங்கள். கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும், தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கும். ஜூலையில் குளிராகத் தெரியும், அதே சமயம் ஜூன், ஜூலையில்தான் குள்ள மின்கி திமிங்கலங்கள் ரீஃப் பக்கம் வரும்.

மெல்பர்னில் இருந்து நான்கு நாள். முதல் நாள் குரண்டா ரயிலும் ரோப் காரும், இரண்டாம் நாள் டெயின்ட்ரீ, மூன்றாம் நாள் ராஃப்டிங், நான்காம் நாள் பகலில் ஸ்கூபா டைவ், இரவு விமானம். சரியா?

வேண்டாம், முதல் நாளையும் கடைசி நாளையும் இடம் மாற்றுங்கள். ஸ்கூபாவில் அழுத்தத்தின் கீழ் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கிறது. அது மெதுவாக வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால் குமிழிகளாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கும். ஒரே ஒரு டைவ் என்றாலே குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. இங்கே படகுக்காரர்கள் பொதுவாக 24 மணி நேரம் என்றே சொல்வார்கள், நானும் அதையே சொல்கிறேன்.

பலர் கவனிக்காத விஷயம் என்னவென்றால் இது விமானத்துக்கு மட்டும் இல்லை. மலை ஊரான குரண்டாவுக்குப் போகும் ரோப் கார் ரெட் பீக்கில் 545 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது, அதர்ட்டன் பீடபூமி அதைவிட உயரம். டைவ் முடித்த மறுநாள் காலையிலேயே மலை ஏறுவதும், ஸ்கைடைவிங் போவதும் அதே ஆபத்துதான். குழாய் வழியே மூச்சுவிட்டு நீர்மட்டத்தில் மிதக்கும் ஸ்நார்க்கல் மட்டும் என்றால் இந்தக் கவலையே கிடையாது.

ஆகவே முதல் நாள் ரீஃப், அடுத்து டெயின்ட்ரீ (பெரும்பாலும் கடல் மட்டத்தை ஒட்டித்தான் போகிறீர்கள்), மூன்றாம் நாள் ராஃப்டிங், கடைசி நாள் குரண்டா. இதில் இன்னொரு லாபமும் உண்டு, முதல் நாள் காற்று மோசமாக இருந்தால் ரீஃபை இரண்டாம் நாளுக்கு நகர்த்தலாம். கடைசி நாளில் வைத்திருந்தால் நகர்த்த இடமே இருக்காது. முடிந்தால் ஐந்தாவது நாள் ஒன்றைச் சேர்த்து அதைக் காலியாக விடுங்கள். அந்த வெற்று நாள்தான் பல பயணங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அம்மாவுக்கு 67 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், நீச்சல் தெரியாது. ரீஃபைப் பார்க்க முடியுமா?

தாராளமாக. பெரிய படகுகள் வெளி ரீஃபில் நங்கூரமிட்ட மிதவை மேடைக்குக் கூட்டிப்போகும். கண்ணாடி அடித்தளப் படகு, பாதி மூழ்கி ஓடும் படகு இரண்டும் அங்கே இருக்கும், உடை நனையாமலே பவளத்தைப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் கெய்ன்ஸிலிருந்து 27 கிலோமீட்டரில் கிரீன் ஐலண்ட். முக்கால் மணி நேரப் பயணம், தீவிலேயே மழைக்காடும் உண்டு.

ஸ்நார்க்கல் செய்ய ஆசைப்பட்டால் படகில் ஏறியதும் தரும் உடல்நலப் படிவத்தில் வயது, மாத்திரை எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். "இறங்க விடமாட்டார்களோ" என்று மறைக்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரீஃபில் வயதானவர்களுக்கு நேரும் மரணங்களில் பெரும்பங்கு முங்குவதால் அல்ல, தண்ணீரில் பதற்றமும் உழைப்பும் சேர்ந்து இதயம் திணறுவதால். உண்மையைச் சொன்னால் மிதவை தருவார்கள், பக்கத்திலேயே ஓர் ஆளை வைத்து மேற்பார்வை செய்வார்கள், அம்மா நிம்மதியாக மீன் பார்ப்பார். கிளம்பும் முன் ஊரிலேயே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டால் பயன் குறைவு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அறிமுக ஸ்கூபா பெரும்பாலும் கிடைக்காது, ஸ்நார்க்கலோடு திட்டமிடுங்கள்.

கேப் ட்ரிபுலேஷன் கடற்கரை படத்தில் அவ்வளவு அழகு. குழந்தைகள் குளிக்கலாமா?

கூடாது. நடக்கலாம், ஓதம் இறங்கியபோது மணலில் விளையாடலாம், தண்ணீரில் இறக்க வேண்டாம். இந்தக் கரையின் ஆறு, ஓடை முகத்துவாரம், கடல் எல்லாமே உவர்நீர் முதலையின் இடம். 2016-ல் தார்ன்டன் கடற்கரையில் இரவு நேரம் இடுப்பளவு நீரில் நின்ற ஒரு பெண்ணை முதலை இழுத்துப்போனது. மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதால் முதலை இல்லை என்று அர்த்தம் இல்லை. ஆற்றோரத்தில் மீனைக் கழுவுவது, தண்ணீர் விளிம்பில் நின்று படம் எடுப்பது இரண்டும் வேண்டாம், ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

நவம்பர் முதல் மே வரை இதோடு பெட்டி ஜெல்லிமீனும் இருக்கண்ட்ஜி என்ற குட்டி ஜெல்லிமீனும் சேரும். பாம் கோவ், போர்ட் டக்ளஸ் போன்ற கரைகளில் வலை கட்டுவார்கள். அது பெட்டி ஜெல்லிமீனைத் தடுக்கும், விரல்நகம் அளவே உள்ள இருக்கண்ட்ஜி அதற்குள்ளும் நுழையும். அதனால் ரீஃபிலும் உடம்பு முழுக்க மூடும் ஸ்டிங்கர் உடையைப் போட்டுக்கொள்ளுங்கள், படகிலேயே கிடைக்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல் வினிகரைக் குறைந்தது 30 நொடி ஊற்றி 000-ஐ அழையுங்கள். கரையில் வினிகர் பாட்டில் வைத்த கம்பங்கள் அதற்குத்தான்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டும்தானே? கெய்ன்ஸ் எஸ்பிளனேடில் உப்புநீர்க் குளம் இருக்கிறது, இலவசம், காவலர்கள் உண்டு. பீடபூமியில் ஈச்சம் ஏரி, எரிமலை வாயில் நிறைந்த தெளிந்த நீர், அருமையான இடம். மலை ஓடைகளில் குளிப்பதானால் மேலே மழை பெய்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வரத் தொடங்கினால் அந்த நொடியே கரையேறுங்கள், வெள்ளம் நிமிடங்களில் வரும்.

எனக்கு நீச்சல் சுமார்தான். டல்லி ஆற்றில் ராஃப்டிங் போகலாமா?

தண்ணீரைக் கண்டு பயம் இல்லை என்றால் போகலாம், ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். டல்லி ஆஸ்திரேலியாவில் அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று, 1950-ல் அங்கே பெய்த 7,900 மில்லிமீட்டர் மழையின் நினைவாக அதே உயரத்துக்கு, 7.9 மீட்டரில், ஒரு பொன்னிற பூட்ஸ் நிறுத்தியிருக்கிறார்கள். மழையில்லாத மாதத்திலும் ஆற்றில் ஓட்டம் இருப்பதற்குக் காரணம் மேலே உள்ள நீர்மின் நிலையம் திறந்துவிடும் தண்ணீர். மூன்றாம், நான்காம் தர வேகச் சுழிகள். கெய்ன்ஸிலிருந்து போய்வர முழு நாள் ஆகும். பொதுவாக 13 வயதுக்குக் கீழே சேர்க்கமாட்டார்கள். சந்தேகமாக இருந்தால் ஊருக்குப் பக்கத்தில் பாரன் (Barron) ஆறு, அரை நாள், மிதமான சுழிகள். முதல் முறைக்கு நான் பாரன் ஆற்றைத்தான் சொல்வேன்.

படகிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறை இடுக்கில் கால் சிக்குவதுதான் ஆற்றில் பெரிய ஆபத்து. மல்லாந்து, கால் ஓட்டத்தின் திசையில், விரல் நுனி தண்ணீருக்கு மேலே தெரியும்படி மிதந்தால் போதும்.

வாடகை காரில் டெயின்ட்ரீ போகலாமா? இந்திய லைசென்ஸ் செல்லுமா?

ஆங்கிலத்தில் உள்ள இந்திய லைசென்ஸோடு சுற்றுலாப் பயணி ஓட்டலாம். டெயின்ட்ரீ ஆற்றைக் கேபிள் ஃபெர்ரியில் கடக்க வேண்டும், காரோடு ஏறிவிடலாம். கேப் ட்ரிபுலேஷன் வரை தார்ச்சாலை, சாதாரண கார் போதும். அதற்கு அப்புறம் தொடங்கும் புளூம்ஃபீல்ட் பாதை மண் சாலை, செங்குத்து ஏற்றம், ஓடையைக் கடக்க வேண்டும். ஃபோர் வீல் டிரைவும் அனுபவமும் இல்லாமல் அங்கே வேண்டாம். வாடகை ஒப்பந்தமும் பெரும்பாலும் அதை அனுமதிக்காது.

கெய்ன்ஸிலிருந்து 140 கிலோமீட்டர்தான், ஆனாலும் ஒரே நாளில் போய்த் திரும்பினால் பாதி அனுபவம்தான். கையில் நாள் இருந்தால் ஓர் இரவாவது தங்குங்கள், இருட்டிய பிறகு வழிகாட்டியோடு நடக்கும்போதுதான் காடு உண்மையில் விழிக்கிறது. ஆற்றுக்கு வடக்கே செல்போன் பெரும்பாலும் எடுக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டு மோஸ்மனில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் மோஸ்மன் பள்ளத்தாக்கில் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான குக்கு யலாஞ்சி மக்களே நடத்தும் காட்டு நடைக்கு நேரம் ஒதுக்குங்கள். இந்தக் காடு அவர்களுடையது, 2021-ல் டெயின்ட்ரீ தேசியப் பூங்காவின் உரிமை சட்டப்படியே அவர்களிடம் திரும்பியது. எந்த இலை மருந்து, எந்தக் கொட்டை விஷம் என்று அவர்கள் காட்டிய பிறகு அதே காட்டில் நீங்கள் நடக்கும் விதமே மாறிவிடும்.

மவுண்ட் சாரோ ட்ரெக் கடினமா? அட்டை எல்லாம் உண்டா?

கடினம்தான். போய்வர ஏழு கிலோமீட்டர் என்றதும் இலேசாக நினைக்காதீர்கள், கடல் மட்டத்தில் தொடங்கி 680 மீட்டர் ஏறுகிறீர்கள், வேர்களைப் பிடித்து ஏறும் இடங்கள் உண்டு, ஐந்தாறு மணி நேரம் ஆகும். காலை பத்துக்குள் கிளம்பிவிட வேண்டும், ஈரமான நாளில் விட்டுவிடுங்கள். குடும்பத்தோடு என்றால் மார்ட்ஜா மரப்பலகை நடை போதும், காடும் சதுப்பு நிலமும் ஒரே நடையில்.

அட்டை இருக்கும், அதனால் பெரிய கேடில்லை. பயப்பட வேண்டியது கிம்பி செடிக்கு. இதய வடிவ இலை, ஓரம் ரம்பப் பல், வெளிச்சம் விழும் பாதையோரத்தில் வளரும். தொட்டால் ஊசிமயிர்கள் தோலில் தங்கி, வலி மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். பாதையை விட்டு விலகாமல் நடங்கள். பறக்காத பெரிய பறவையான காசோவரி எதிரே வந்தால் ஓடாதீர்கள், பையை முன்னால் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். சாப்பாடு மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். மனிதரிடம் உணவு கண்டு பழகிய பறவை சாலைக்கு வந்து காரில் அடிபட்டுச் சாகிறது, இருப்பதே கொஞ்சம்.

சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கெய்ன்ஸில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. டெயின்ட்ரீ ஆற்றைத் தாண்டினால் கடைகள் குறைவு, சீக்கிரம் மூடிவிடும். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பார்த்து, அரிசி, பருப்பு, தயிர், காய் எல்லாம் கெய்ன்ஸிலோ மோஸ்மனிலோ வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். படகிலும் ராஃப்டிங்கிலும் மதிய உணவு சேர்த்தே தருவார்கள், சைவம் என்று முன்பதிவிலேயே எழுதி, முந்தைய நாள் ஒரு முறை நினைவுபடுத்துங்கள். எதற்கும் பையில் புளியோதரையோ சப்பாத்தியோ இருக்கட்டும்.