ஒரே விலையில் இரண்டு லேப்டாப்: திரையை வைத்து எதை எடுப்பது?

ஒரே விலையில் இருக்கும் இரண்டு லேப்டாப்களைக் குறிப்பிட்டு எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே 15.6 அங்குலம், ஃபுல் எச்டி, ஐபிஎஸ் வகைத் திரை. பிராசசரும் ஒன்றுதான். முதலாவதில் 1 டிபி எஸ்எஸ்டி (சேமிப்பகம்), 250 நிட்ஸ் வெளிச்சம், 45% என்டிஎஸ்சி வண்ணம். இரண்டாவதில் 512 ஜிபி, 300 நிட்ஸ், 100% எஸ்ஆர்ஜிபி வண்ணம். போட்டோ எடிட்டிங் பழக வேண்டும் என்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதை எடுங்கள். எஸ்எஸ்டி போதவில்லை என்றால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். திரையை மாற்றுவது செலவு பிடித்த வேலை, ஒத்துப்போகும் பேனல் கிடைப்பதும் நிச்சயமில்லை.

இந்த 45% என்ன என்று பார்ப்போம். என்டிஎஸ்சி என்பது 1953இல் அமெரிக்க கலர் டிவிக்காக வகுத்த வண்ண வரம்பு, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் எல்லை. லேப்டாப் கம்பெனிகள் இன்றும் அதை அளவுகோலாக வைத்திருக்கின்றன. நமக்குத் தேவையானது எஸ்ஆர்ஜிபி என்ற இன்னொரு வண்ண வரம்பு. எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996இல் கொண்டுவந்தது, இணையத்தில் நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை அதில்தான் இருக்கின்றன. 72% என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளலாம். 45% என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது.

நான் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவன். 45% திரையில் அரக்குக் கூரைப்புடவை செங்கல் நிறத்துக்குப் போய்விடும், குங்குமம் ஆரஞ்சு பக்கம் சாயும். கலர் குறைகிறதே என்று சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) ஏற்றுவோம். பிரிண்ட் வந்தால் மணப்பெண்ணின் முகம் சிவந்து கிடக்கும். படத்தில் கோளாறே இருக்காது, திரைதான் நம்மைத் திசைதிருப்பியிருக்கும். வண்ண அளவே போடாத லேப்டாப்பை நான் 45% என்றே கணக்கில் வைப்பேன். நல்ல பேனல் என்றால் எந்தக் கம்பெனியும் சொல்லாமல் விடாது.

ஒரே பெயரில் வரும் மாடலுக்குள்ளேயே இரண்டு மூன்று வகைத் திரைகள் இருக்கும், அதனால் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பெட்டியில் இருக்கும் முழு மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். லெனோவோ என்றால் அவர்களுடைய பிஎஸ்ஆர்இஎஃப் (PSREF) தளத்தில் திரை விவரம் கிடைக்கும். நோட்புக்செக் என்ற லேப்டாப் விமர்சனத் தளத்தில் கருவி வைத்து அளந்தே எழுதுகிறார்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, அறைக்குள் வேலை என்றால் 300 நிட்ஸ் போதும். ஜன்னலோரமோ வராந்தாவோ என்றால் 400 வேண்டும்.

கடையில் ஓடும் டெமோ வீடியோவை நம்பாதீர்கள், எந்தத் திரையிலும் அது பளபளவென்றுதான் தெரியும். உங்களுக்கு நன்றாகப் பழக்கமான குடும்பப் படம் ஒன்றை பென்டிரைவில் கொண்டுபோய் இரண்டு லேப்டாப்பிலும் பக்கத்துப் பக்கத்தில் திறங்கள். சார்ஜரைக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும்போது சிலவற்றில் வெளிச்சம் தானாகக் குறையும். அப்புறம் கறுப்புத் தலைமுடி இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இழை இழையாகத் தெரிந்தால் நல்லது, ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிந்தால் அந்தத் திரையில் எடிட்டிங் வேண்டாம்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை பற்றியும் கேட்டிருந்தீர்கள். கறுப்பு அசல் கறுப்பாகவே தெரியும், வண்ணத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது வேகமாக அணைந்து எரிகின்றன. சிலருக்கு அதனால் கண்வலி, தலைவலி வரும். வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு, போன் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டித் திரையைப் பாருங்கள். பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடினால், இரவில் மணிக்கணக்கில் உட்காருகிறவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இன்னொன்றும் செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, திரை முழுக்க முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வையுங்கள். அணைந்துபோன புள்ளி, ஓரத்தில் கசியும் வெளிச்சம் எல்லாம் அப்போது தெரிந்துவிடும்.