முழங்கால் ஆபரேஷன்: முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. சர்க்கரை உண்டு, இதயத்துக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்களாம், தொடையில் நரம்பை மரக்கச் செய்யும் ஒரு ‘பிளாக்’ ஊசியும் போடுவார்களாம். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட நாளிலிருந்து சித்திக்குத் தீராத முதுகு வலி. முழு மயக்கமே கேட்டு வாங்கிவிடலாமா?

பதில்: முழு மயக்கம் கேட்க நியாயமான காரணம் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் அது சித்தியின் முதுகு அல்ல, அம்மாவின் க்ளோபிடோக்ரல்.

முதலில் சித்தி. முதுகில் போடும் ஊசி அரை மில்லிமீட்டர் தடிமன்தான். குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம், அவ்வளவே. கர்ப்பமும் பிள்ளையைத் தூக்கி வளர்ப்பதுமே முதுகைப் படுத்துகின்றன. பிரசவ வலிக்கு முதுகில் மருந்து செலுத்திக்கொண்டவர்களையும் செலுத்தாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நாள்பட்ட முதுகு வலி இரு தரப்பிலும் ஒரே அளவுதான்.

முதுகு ஊசியால் சிலருக்குத் தலைவலி வருவது உண்மை. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் இந்த முறையைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பியர், தன் முதுகிலேயே குத்தச் சொல்லிப் பார்த்து, தலைவலியால் பல நாள் படுத்துக் கிடந்தார். இன்று பென்சில் முனை ஊசிகள் வந்துவிட்டன. 2018இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, பழைய வகை ஊசியில் 11 சதவீதம் பேருக்கு வந்த தலைவலி புதிய வகையில் 4.2 சதவீதமாகக் குறைந்தது. வயதானவர்களுக்கு இன்னும் குறைவு.

அப்புறம் க்ளோபிடோக்ரல். ரத்தம் உறையாத நிலையில் முதுகில் குத்தினால் தண்டுவடத்தின் அருகே ரத்தம் தேங்கிக் கால் செயலிழக்கலாம். அதனால் 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். ஆனால் சமீபத்தில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். இதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த முடியாது என்றால் முழு மயக்கம்தான், அதில் குறை ஒன்றும் இல்லை. இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2021இல் வெளியான ரீகெய்ன் ஆய்வில், 60 நாள் கழித்து இறப்பிலும் நடக்கும் திறனிலும் இரண்டு முறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நிறுத்தலாம் என்றால் என் ஓட்டு முதுகு ஊசிக்குத்தான்: வாந்தி குறைவு, விழித்ததும் வலி இருக்காது.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். எனக்குக் கவலை ஆபரேஷன் மேஜையில் இல்லை, அன்று இரவில்தான். முதுகு ஊசி சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். பிறகு வலியைப் பிடித்து வைத்திருப்பது தொடை பிளாக். முன்பெல்லாம் கவட்டை நரம்பை மரக்கச் செய்வோம். வலி போகும், கூடவே தொடைத் தசையின் பலமும் போகும். எழுந்து நின்றவர் அப்படியே மடிந்து விழுவார். இப்போது தொடையின் நடுப்பகுதியில், ஸ்கேனில் பார்த்து, பெரும்பாலும் உணர்ச்சி நரம்பை மட்டும் மரக்கச் செய்கிறோம். அம்மா மறுநாளே, சில இடங்களில் அன்றைக்கே, வாக்கர் பிடித்து நடக்கலாம். பக்கத்தில் ஆள் வேண்டும்.

சிக்கல் பிளாக் விடும்போது. அது பெரும்பாலும் நள்ளிரவில் அல்லது விடியற்காலையில் நடக்கும். “வலியே இல்லையே, மாத்திரை எதுக்கு?” என்று மாலையில் ஒதுக்கியவர்தான் மூன்று மணிக்கு அலறுவார். பாரசிட்டமாலை வலி வரும் முன்பே, எழுதிக்கொடுத்த நேரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். கால் கொஞ்சம் குறுகுறுக்கத் தொடங்கினாலே நர்ஸிடம் சொல்லுங்கள். மற்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், சர்க்கரை உள்ள அம்மாவின் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை மருத்துவரிடம் காட்டுங்கள். பிளாக் நீடிக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் ஓரிரு நாள் சர்க்கரை ஏறும்; பதற வேண்டாம், அடிக்கடி பாருங்கள்.

முதுகு ஊசி போட்டிருந்தால் ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கால் மரப்பு விட்டு அசையத் தொடங்கிய பிறகு மறுபடியும் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, முதுகில் கடும் வலி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.