லெக்சஸ் ஆர்எக்ஸ் 350: 2019 மாடலா, 2020 மாடலா?

கதவு ஸ்டிக்கரில் 11/19 என்று இருக்கிறது, விற்பவரோ 2020 மாடல் என்கிறார், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். ஸ்டிக்கர் சொல்வது வண்டி தயாரான மாதத்தை. அமெரிக்காவில் அடுத்த ஆண்டு மாடல் முந்தைய ஆண்டிலேயே விற்பனைக்கு வந்துவிடும். சேஸிஸ் எண்ணில் பத்தாவது இடத்தைப் பாருங்கள்: கே என்றால் 2019, எல் என்றால் 2020.

அப்புறம், உள்ளே உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். 2019-இல் கியருக்குப் பக்கத்தில் மவுஸ் மாதிரி ஒரு குமிழ் இருக்கும், திரையைத் தொட்டால் எதுவும் நடக்காது. 2020-இல்தான் தொடுதிரையும், போனில் உள்ள வரைபடம், பாட்டு போன்றவற்றைக் கார் திரையில் காட்டும் ஆப்பிள் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்தன. இன்ஜின் அதே 3.5 லிட்டர் வி6தான். போனில் வழி பார்த்து ஓட்டுபவர் என்றால் 2020-க்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம். உங்கள் போனைக் கேபிளில் இணைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.