வலிக்கவே இல்லை என்றாரா?

கேள்வி: கணவருக்கு வயது 54. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. உள்ளங்காலில் மரு. சிங்கப்பூரிலிருந்து மகன் கொண்டுவந்த, மருவை உறையவைக்கும் ஸ்பிரேயை மூன்று முறை வைத்தோம். வலிக்கவே இல்லை என்கிறார். மருவும் போகவில்லை. நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. புற்றுநோய் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. பேத்தியின் விரலிலும் ஒரு மரு. வைத்தீஸ்வரன்கோயிலுக்கு உப்பும் மிளகும் போடுவதாக வேண்டியிருக்கிறேன். (வாசகி, பாபநாசம் அருகே)

பதில்: அம்மா, அந்தப் புள்ளிகள் மருவுக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட்டுக் கறுத்தவை. மருவுக்கே உரிய அடையாளம் அது. நள்ளிரவில் கைப்பேசியில் தேடினால் கால் ஆணிகூடப் புற்றுநோயாகத்தான் தெரியும்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய 'வலிக்கவே இல்லை' என்ற இரண்டு சொற்கள்தான். வீட்டு ஸ்பிரே மருத்துவர்கள் நாங்கள் மருவை உறையவைக்கும் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிராது. நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. ஆனாலும் உள்ளங்காலில் வைத்தால் சுரீரென்று இழுக்க வேண்டும். ஒன்பது வருடச் சர்க்கரைக்காரருக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால், பாத நரம்புகள் மரத்துப்போயிருக்கக்கூடும். அப்படிப்பட்ட காலில் உறையவைத்த இடம் கொப்புளித்து உடைந்தாலும் தெரியாது. அதே காலோடு நாற்றங்கால் சேற்றில் இறங்குவார். புண் நாற ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் பார்ப்பீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்த வகை மருந்துகளின் தாளிலேயே போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்?

ஸ்பிரேயை இன்றோடு நிறுத்துங்கள். எருக்கம்பால், சுண்ணாம்பு, பிளேடு எதுவும் அந்தக் காலில் படக்கூடாது. கால் ஆணி பிளாஸ்டரும் வேண்டாம். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் மரத்த காலில் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். இந்த வாரமே மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியையும், விரல் வைத்துப் பாத நாடியையும் பார்ப்பார்; சில நிமிட வேலை. மருவை என்ன செய்வது என்பதை அதற்குப் பிறகு அவர் முடிவுசெய்யட்டும். அதுவரை தினமும் இரவில் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

பேத்தியின் மருவை விட்டுவிடுங்கள். மரு ஒரு வைரஸ் வேலை; பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாக உதிர்ந்துவிடும். கிள்ளாமல், கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கோயிலுக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். அவள் விஷயத்தில் என் வைத்தியமும் ஏறக்குறைய அதுதான், காத்திருப்பது.

கணவர் காலுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. நடவு முடியட்டும் என்பார். விடாதீர்கள்.